சாவியைத் தொட்டுக் கொடுத்த கை

"என் கை ராசின்னா பெரியப்பா ஏம்மா செத்தாரு?"



கேட்டவள் என் மகள் கயல். அப்போது எட்டாம் வகுப்பு. கொரோனாவில் வெகுகாலம் மூடிக் கிடந்த பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் காலை, எங்கள் அவனியாபுரம் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து கேட்டாள். ஒரு காலில் ஷூ. மறு காலில் வெறும் சாக்ஸ். சீருடைச் சுடிதாரின் கால் பகுதி கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. வீட்டுக்குள்ளேயே இருந்ததில் அவள் வளர்ந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. இரவு பெய்த மழையில் தெருவெல்லாம் ஈர மண் வாடை. தெருமுனையில் வேன்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய வலது கைக்குள் அவள் அப்பாவின் பைக் சாவி இருந்தது.

"அப்பா கெளம்பட்டும்மா. சாவியக் குடுத்துட்டுப் போறேன்."

அப்பா அப்போதுதான் குளிக்கப் போயிருந்தார். அவர் கடைக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். வேன் அதுவரை நிற்காது என்றேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போ, அவரே எடுத்துக்கொள்வார் என்றேன். அப்படி என்ன ராசி உன் கையில் என்று விளையாட்டாக ஒரு வார்த்தை சேர்த்தேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

நான் சொன்ன பதில் இதுதான்: "இன்னொரு ஷூவ மாட்டு."

வேன் போய்விட்டது.

சென்ற வாரம், சிக்னல் தேடி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நான் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுத்த கதையை இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். சிரித்தோம் என்று பலர் எழுதினார்கள். சில தாய்மார்கள் மட்டும், அது இருக்கட்டும், உங்கள் பிள்ளை எப்படி இருந்தாள் என்று கேட்டிருந்தார்கள். இந்த வாரம் அதை எழுதுகிறேன். கயலிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். "பேர மாத்திருங்கம்மா" என்றாள். மாற்றிவிட்டேன்.

பாப்பா போனி

என் கணவருக்கு இருசக்கர வாகன உதிரிபாகக் கடை. அக்கம்பக்கமெல்லாம் ஒர்க்‌ஷாப்புகள். கடைக்குள் நுழைந்தாலே ரப்பரும் ஆயிலும் ஊதுபத்தியும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். கயலுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் வரை கடையில் போனியாகவில்லை. நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஒருவர் வந்து பிரேக் கேபிள் கேட்டார். இவர் எடுத்து மேசையில் வைத்ததும், கயல் அதைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

அந்த ஆள் சாயங்காலமே திரும்பி வந்தார். பார்சல் கொண்டுபோகும் வண்டிகளைப் பராமரிப்பவர் அவர். அத்தனை வண்டிக்கும் அன்றிலிருந்து எங்கள் கடைச் சாமான்தான்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு விஜயதசமி என்றால் கயல் கையால்தான் முதல் விற்பனை. புதுச் சரக்கு வந்தால் கயல்தான் கட்டைப் பிரிக்க வேண்டும். பக்கத்துக்கடை மெக்கானிக் பாண்டி அண்ணன் ஒரு படி மேலே போவார்.

"பாப்பா, அந்த ஸ்பார்க் பிளக்க நீ எடுத்துக் குடு. ஒங்கப்பன் குடுத்தா ஒரு வாரத்துல மறுக்கா வந்து நிக்குது வண்டி."

இதில் ஒரு கெடுதலும் யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பெருமையாகவே இருந்தது. பெண் பிள்ளையா என்று முகத்தைச் சுளித்த ஓரிருவர் வாயை அந்தச் சின்னக் கை அடைத்துவிட்டதே. நெல்லை முதலில் அளப்பதற்கும், கல்யாணத்துக்குத் தாலிக்கயிறு வாங்குவதற்கும் கைராசிக்காரர்களைத் தேடும் ஊர்தானே நம்முடையது. எங்கள் வீட்டிலேயே ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தோம்.

நகத்தடியில் சிவப்பு வெளிச்சம்

இரண்டாவது அலை வந்தபோது எங்கள் மூன்று பேருக்கும் சேர்ந்தே வந்தது. வீட்டுக்கு மேலே தாழப் பறக்கும் விமானங்கள் குறைந்துபோய், ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் எந்நேரமும் கேட்ட மாதம் அது. கயலுக்குத் தொண்டைக் கரகரப்போடு போய்விட்டது. எனக்குக் காய்ச்சல், எழுந்து நின்றால் சுவர் சுற்றியது. இவருக்கு மூச்சு.

ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கவில்லை. என் சித்தி மகன் டாக்டர். அவன் போனிலேயே வழி சொன்னான். குப்புறப் படுக்க வேண்டும், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் கிளிப் மாட்டி அடிக்கடி பார்க்க வேண்டும், குறைந்தால் உடனே சொல்ல வேண்டும். நான் எழ முடியாததால் அந்த வேலை கயலுக்குப் போயிற்று.

ஆன்லைன் வகுப்பும் அதே போனில்தான். ஒரு காதில் டீச்சர், எதிரே அப்பாவின் விரல். கிளிப்பை மாட்டினால் நகத்தடியில் சிவப்பாக ஒரு வெளிச்சம் தெரியும். எண் நிலைக்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பாள். குறைந்தால், "திரும்பிப் படுங்கப்பா" என்று அதட்டுவாள். டீச்சர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே வகுப்பைத் துண்டித்துவிட்டு டாக்டர் மாமாவுக்குப் போன் செய்வாள். கபசுரக் குடிநீர் அறை முழுக்க மணக்கும். அந்த மணத்துக்கு நடுவே, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் அவள் முதுகு என் படுக்கையிலிருந்து தெரியும்.

இவர் பிழைத்தார். பிழைத்ததும் செய்த முதல் வேலை, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டது.

"எம் மக மாட்டுனா எண்ணு ஏறுதுய்யா. எம் பொண்டாட்டி மாட்டுனா எறங்குது. கைராசின்னா இதுல்ல கைராசி."

காய்ச்சல் தணிந்து கடைசி நாட்களில் நான் மாட்டியபோதெல்லாம் அவர் எழுந்து நடமாடிவிட்டு வந்திருப்பார், விஷயம் அதுதான். ஆனால் செத்துப் பிழைத்த மனுஷனிடம் யார் அதை விளக்குவது?

வாரேன் பெரியப்பா

அதே சமயத்தில் ஒத்தக்கடையில் இவருடைய அண்ணனும் படுத்திருந்தார். கல்லூரிப் பேருந்து ஓட்டுபவர். கயல் மேல் உயிர். எங்கள் வீட்டுச் செய்தி தெரிந்ததும் வீடியோவில் அழைத்தார்.

"ஏத்தா கயலு, ஒரு எட்டு வந்து எனக்கும் மாட்டி விட்டுட்டுப் போத்தா. ஒங்க பெரியம்மா மாட்டுனா மிசினே எந்திரிக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலானது. கயல், "வாரேன் பெரியப்பா" என்றாள்.

யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத நாட்கள். நாங்களே நோயாளிகள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டோம். திரும்பி வரவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

காரியத்தையும் போனில்தான் பார்த்தோம். போனைப் பிடித்திருந்தவள் கயல். அழுது ஓய்ந்த பெரியம்மா திரையைப் பார்த்துச் சொன்னார்கள்: "ஒங்க வீட்ல கைராசிக்காரி இருந்தா. எனக்கு யாரு இருந்தா?"

பெரியம்மா மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தமில்லை. அந்த நேரத்தில் யாருக்கு எது வாயில் வரும் என்று யார் கண்டது?  கயல் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

சாவி

இவர் மறுபடி கடைக்குப் போகத் தொடங்கியபோதுதான் சாவி வந்தது. கிளம்பும்போது கயல் ஓடி வந்து ஆணியிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். பார்க்க அழகாக இருந்தது. பிறகு, அவள் குளித்துக்கொண்டிருந்தால் இவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. எதையாவது மறந்து தெருமுனையிலிருந்து திரும்பி வந்தால் சாவியை மறுபடி அவளிடம் கொடுத்து வாங்க வேண்டும். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்ய வேண்டும். செய்யத் தாமதமானால் மாஸ்க்கூட இல்லாமல் தெருவில் போய் நிற்பாள்.

சாப்பாடு குறைந்தது. நகங்களைச் சதை வரை கடித்தாள். ஆன்லைன் தேர்வில் பாதியில் எழுந்து போனாள். வகுப்பாசிரியை என்னை அழைத்து, "பேரு மட்டும் ஸ்கிரீன்ல இருக்கு மேடம், பிள்ளையக் காணோம்" என்றார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு தினமும் வயிற்றுவலி. யூனிஃபார்மைப் பார்த்தாலே வாந்தி. வேன் எட்டு மணிக்கு வந்துவிடும். அப்பா கிளம்புவது அதற்கு வெகுநேரம் கழித்து. அப்பாவுக்குச் சாவி கொடுக்காமல் அவளால் வேன் ஏற முடியாது. முழு விஷயமும் இவ்வளவுதான். ஆனால் இதைத் தாண்ட முடியவில்லை.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எதையும் நான் தட்டவில்லை. பாண்டி சாமி கோயிலுக்குப் போய்க் கயிறு கட்டினோம். இவருடைய நண்பர் ஒரு பாய், மாசி வீதிப் பக்கம் கடை வைத்திருப்பவர், தர்காவுக்கு அழைத்துப்போய் ஓதிவிட்டார். "புள்ளைக்கு நல்ல துஆ செஞ்சிருக்கேன்மா, கவலப்படாதீங்க" என்று அவர் சொன்ன விதத்தில் எனக்குத்தான் அன்று கொஞ்சம் மூச்சு வந்தது. கயல் திருநீறு பூசிக்கொண்டாள், கயிறு கட்டிக்கொண்டாள், மறுநாளும் சாவியோடு வாசலில் உட்கார்ந்தாள்.

நான் எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறவள். ஒரு நாள் அவளை உட்காரவைத்து, ராசி என்று ஒன்றும் இல்லை, எல்லாம் தற்செயல் என்று நிரூபிக்க ஒரு ரூபாய் நாணயத்தைக் கையில் கொடுத்தேன். சுண்டு, பாதி பூ விழும், பாதி தலை விழும் என்றேன். சுண்டினாள். தலை. மறுபடி தலை. மறுபடியும். வேறு நாணயம் கொடுத்தேன், அதுவும் தலை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் நாணயத்தை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன்.

நறுக்கும்போது யோசித்தேன். ராசி பொய் என்றால் அவள் அப்பா இத்தனை வருடம் சொன்னது பொய். அந்தக் கட்டிலோரம் அவள் காத்துக் கிடந்ததும் வீண் என்று அவளுக்குத் தோன்றலாம். ராசி நிஜம் என்றால் பெரியப்பா. எந்தப் பக்கம் போனாலும் சுவர். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயம் இருந்தது, நல்லதாய்ப் போயிற்று.

பல் டாக்டர் மாடி

வகுப்பாசிரியைதான் மனநல மருத்துவரிடம் காட்டச் சொன்னார். நான் படித்தவள்தான். இருந்தாலும், நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது யாராவது தோண்டி எடுத்துவிட்டால் என்ற நினைப்பு முதலில் வந்தது. இவர் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். நான் ஒரு வாரம் புழுங்கினேன். பிறகு ஒரு காலையில், வாந்தியெடுத்துவிட்டு என் தோளில் சாய்ந்திருந்தவள், "என்னைய யாராச்சும் சரி பண்ணுங்கம்மா" என்றாள். அன்றே போய்விட்டேன்.

கே.கே.நகரில் ஒரு கட்டடம். கீழே பல் டாக்டர், மாடியில் மனநல மருத்துவர். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறினால், மேலே என் டியூஷன் பையன் ஒருவனின் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் பையன். இருவரும் விழித்தோம்.

"பல்லுக்கு வந்தோம் மிஸ்" என்றார் அவர்.

"நாங்களும்தான்" என்றேன்.

கயல், "அது கீழல்ல இருக்கு" என்றாள். அந்தப் பையன் சிரித்துவிட்டான். பல மாதங்களுக்குப் பிறகு தன் வயதுள்ள ஒருவரோடு அவள் சேர்ந்து சிரித்ததை அங்கேதான் பார்த்தேன்.

டாக்டர் என்னைவிட இளையவர். கயலிடம் தனியாகப் பேசினார். பிறகு என்னை அழைத்து, கயலின் பயத்தைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்றார். முதலில், சாவியை வேனுக்குப் போகும்போதே தொட்டுவிட்டு ஆணியில் மாட்ட வேண்டும். அது பழகியதும் முதல் நாள் சாயங்காலமே தொட வேண்டும். கடைசியில் தொடவே கூடாது. ஒவ்வொரு படியிலும் பயம் வரும். வந்து அது தானாக இறங்குவதை அவளே பார்க்க வேண்டும். நடுவில் புகுந்து "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று யாரும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்தக் கடைசி விதிதான். நான் மூச்சு விடுவதே "ஒண்ணும் ஆகாது" என்றுதான்.

ஆனால் வீடு திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் முடிவு செய்துகொண்டேன். எவ்வளவு நாளானாலும் சரி, இவளை வேனில் ஏற்றியே தீருவது.

முதல் படி ஏறினாள். வாரக்கணக்கில் ஆயிற்று. அரை நாள் பள்ளி, பிறகு முழு நாள். இரண்டாம் படியும் ஏறினாள். அழுதுகொண்டே ஏறினாள், ஆனாலும் ஏறினாள்.

ஒரு டம்ளர் தண்ணீர்

கடைசிப் படிக்கு முன்னால், விடுமுறை நாளில் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒரு சனிக்கிழமை. கயல் வீட்டில் இருப்பாள். அவள் தொடாத சாவியை இவரே எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

எடுத்தார். கிளம்பினார். கயல் சோபா முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. பைக் சத்தம் தெருமுனை வரை போயிற்று. நின்றது. திரும்பி வந்தது.

"கயலு, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாத்தா."

ஓடினாள். அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போனார். அவள் முகம் தெளிந்துவிட்டது. நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன். இவர் முகமும் தெளிந்ததைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் போகும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"காலைல அம்புட்டுத் தாகமா?" என்றேன்.

"வெயிலு."

"தூறல் போட்டுச்சுங்க."

இவர் ஒரு டியூபைச் சுருட்டி வைத்தார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"எனக்கு மட்டும் பயம் இருக்காதா? கூடப் பொறந்தவன் போயிட்டான்ல. மூச்சு முட்டி முழிச்சா அவ மொகந்தான் தெரியும். இன்னைக்கும் வண்டிய எடுக்கையில நெஞ்ச அடைக்குது. அவ கையால ஒண்ணு வாங்கிட்டா சரியாப் போகுது. நான் என்ன செய்ய?"

எனக்கு இது தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் இருந்தும் தெரியாது. கோபமாக வந்தவளுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க. எந்நேரமும் கேக்குறேன். அவளுக்குப் பதிமூணு வயசுங்க. ஒங்க உசுரையும் சேத்து அவ கையில குடுத்துட்டா, அவ எந்தக் கையால பையத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவா?"

இவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டார்: "அந்த டாக்டரு பெரியாளுகளையும் பாப்பாங்களா?"

"பாப்பாங்க. யாரும் கேட்டா பல்லுக்கு வந்தோம்னு சொல்லிக்கலாம்."

சிராய்ப்பு

அடுத்த வாரம் அந்த நாள் வந்தது. சாவி ஆணியில் தொங்கியது. கயல் அதைப் பார்த்துக்கொண்டே ஷூ மாட்டினாள். இரண்டு கையையும் பை வாருக்குள் இறுக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். வேன் ஏறினாள். வேனுக்குள் வாந்தி எடுத்தாள் என்றும், வேன்காரர் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்துப் பள்ளியில் இறக்கிவிட்டார் என்றும் பிறகு தெரிந்தது.

மத்தியானம் இவரிடமிருந்து போன்.

"பயப்படாத. கீழ விழுந்துட்டேன்."

வில்லாபுரம் பக்கம், மழையில் அடித்து வந்த மணலில் வண்டி சறுக்கியிருக்கிறது. முழங்கையில் சிராய்ப்பு, பேன்ட் கிழிசல், வேறொன்றும் இல்லை. எத்தனையோ நாள் இருக்க, அந்த நாள்தானா?

வீட்டுக்கு வந்தவர் பீரோவைத் திறந்து முழுக்கைச் சட்டையைத் தேடினார். அவளுக்குத் தெரிய வேண்டாம், ஆறும் வரை மறைத்துவிடலாம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அடுத்த நிமிடம் அது தப்பு என்று பட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. சட்டையின் ஒரு கையை அவர் பிடித்திருக்க, மறு கையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்று மறைத்து என்றாவது தெரிந்தால், அதற்குப் பிறகு நாங்கள் சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள்.

"காட்டுங்க" என்றேன். சட்டையை மடித்து உள்ளே வைத்தேன்.

நாலரை மணிக்குக் கயல் வந்தாள். ஹாலில் அப்பா உட்கார்ந்திருந்தார், முழங்கையில் பழுப்பு மருந்தோடு. பை தோளிலிருந்து நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை. நான் "ஒண்ணும்" என்று தொடங்கி, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க விழுந்தீங்க?"

"வில்லாபுரத்துக்கிட்ட. மணலு."

"ஹெல்மெட்டு?"

"போட்டிருந்தேன்த்தா."

அவள் கிட்டே வந்து காயத்தைக் குனிந்து பார்த்தாள். "போன் பேசுனீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ம்."

"யாருக்கு?"

"ஒங்க பள்ளிக்கூடத்துக்கு. நீ எப்படி இருக்கன்னு கேக்கலாம்னு..."

கயல் நிமிர்ந்தாள். பிறகு சொன்னாள், டீச்சர் மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக: "வண்டி ஓட்டிக்கிட்டே போன் பேசுனா, சாவிய யாரு குடுத்தாலும் விழத்தாம்ப்பா செய்வீங்க."

இவர் சிரித்தார். சிரிக்கும்போது முழங்கை வலித்து முகம் கோணியது. கயல் சிரிக்கவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு அழுதாள். வெளியே நின்ற எனக்கு அது எந்த அழுகை என்று புரியவில்லை. வெளியே வந்தவள், "தோசை இருக்கா?" என்றாள்.

மறுநாள் வேன் ஏறினாள். அதற்கு அடுத்த நாள் ஏறவில்லை. அதற்கும் அடுத்த நாள் ஏறினாள். அந்த வருடம் இப்படியேதான் போயிற்று. இவரும் அந்த டாக்டரின் மாடிப்படி ஏறினார்.

கோடை விடுமுறையில் அவளே கேட்டு ஒத்தக்கடைக்குப் போனோம். பெரியம்மாவிடம், "வாரேன்னு சொல்லிட்டு வரல பெரியம்மா" என்றாள். பெரியம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. காரியத்தன்று சொன்ன வார்த்தையை நான் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னதும், "நான் அப்படியா சொன்னேன்?" என்று திகைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு கயலை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் கயல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெரியம்மா கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டு வந்தாள்.

மல்லிகா அக்கா கேட்டது

கயல் இப்போது பிளஸ் ஒன். கடையில் கைராசி என்ற பேச்சு கிடையாது. பாண்டி அண்ணன் பழக்கதோஷத்தில் தொடங்கினால், தன் வாயைத் தானே பொத்திக்கொள்வார்.

ஆனால் தெரு முழுக்க நான் வாயைப் பொத்த முடியாது. போன வாரம் எதிர்வீட்டு மல்லிகா அக்கா வந்தார்கள். நாங்கள் மூவரும் படுத்திருந்தபோது, யாரும் எட்டிப் பார்க்காத நாட்களில், கேட்டில் ரசமும் சோறும் மாட்டிவிட்டுப் போனவர்கள். அவர்கள் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. நாள் குறித்துவிட்டார்கள்.

"நாங்க கெளம்பும்போது ஆஸ்பத்திரிப் பைய கயலு கையால எடுத்துக் குடுக்கச் சொல்லும்மா. அது போதும் எனக்கு" என்றார்கள். கண் கலங்கியிருந்தது. நான், "சொல்றேன்க்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

உள்ளே படித்துக்கொண்டிருந்த கயல் கேட்டுவிட்டாள். அக்கா போனதும் வந்து நின்றாள். பதற்றமில்லை. நகத்தைக் கடிக்கவில்லை. "குடுத்தா தப்பாம்மா, குடுக்கலன்னா தப்பாம்மா?" என்றாள்.

இவர் கூடவே கூடாது என்கிறார். அன்று காலை அவளைச் சீக்கிரமே பள்ளிக்கு அனுப்பிவிடலாம், பையை நான் தூக்கிக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் அவளை ஒளித்துவைத்த மாதிரி ஆகிவிடும். மல்லிகா அக்காவிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிடலாம். ஆபரேஷனை நினைத்துத் தூங்காமல் இருக்கும் பெண்ணிடம் இதையும் கொண்டுபோய் இறக்குவதா? எதிர்வீட்டு அக்காவுக்குச் செய்யும் உதவியாக நினைத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றும் தோன்றுகிறது. நல்லபடியாக முடிந்தால் மறுபடி ராசிக்காரி ஆகிவிடுவாள். முடியாவிட்டால், அதை நான் எழுதவே விரும்பவில்லை.

அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை ஷூவை மாட்டு என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. நேராக ஒரு பதில் சொல்லப் போகிறேன். எந்தப் பதில் என்பதுதான் தெரியவில்லை.

இந்த இதழ் உங்களிடம் வரும்போது அவர்கள் கிளம்ப இன்னும் சில நாட்கள் இருக்கும். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? இதே மாதிரி ஒரு பிள்ளையை வைத்திருப்பவர்களும், அப்படி ஒரு பிள்ளையாக இருந்தவர்களும் அவசியம் எழுதுங்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். கயலுக்கு எழுதுவதாக நினைத்து எழுதுங்கள். கடிதங்களை அவள்தான் பிரிக்கப் போகிறாள்.